பாப்பரசரின் பெயருக்காகக் காத்திருந்த பிள்ளை

செலின்,

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நீ ராஜேந்திரனோடு கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப்போகிறாய் என்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ என்னிடம் நேரில் சொல்ல நான் இடம் வைக்கவில்லை. "மாதா கோயிலுக்கு வெளியே நடக்கிற கல்யாணத்துக்கு என் கால் வராது" என்று சொன்னவன் நான். நீ கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சீருடைகளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தாதியர் விடுதிக்குப் போனாய். இரண்டு மாதமாகிவிட்டது. நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கோபத்தோடு கோபம் போயிருக்கும். உன் மௌனம்தான் இந்த வீட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ராஜேந்திரன் இந்து என்பதுதான் நம் சண்டைக்குக் காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் என் தோளைத் தொட்டு, "கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, நம்ம வேதத்த விட்டுட்டு இப்படிப் போயிருச்சே அண்ணே" என்கிறார். நானும் அடிபட்ட தகப்பனைப் போலத் தலையைக் குனிந்து அந்த அனுதாபத்தை வாங்கிக்கொள்கிறேன். நீ கோயிலை விட்டுப் போனது ராஜேந்திரனைப் பார்ப்பதற்கு நாலு வருடம் முன்னாலேயே. ஏன் போனாய் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். உனக்கும் எனக்கும். நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. இன்றைக்குப் பேச வேண்டும். வாயால் முடியாது என்பதால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ராஜேந்திரன் படிக்கட்டும். கேலாங்கில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமென்றாலும் காட்டட்டும். எந்த வீட்டிலிருந்து பெண் எடுக்கிறார்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்ளலாம்.

ஐம்பத்தெட்டாம் வருடம் அக்டோபர் மாதம். பஃபலோ ரோட்டில் கடைவீட்டு மாடியில் இருந்தோம். உனக்குப் பதினோரு வயது. உனக்குப் பிறகு உன் அம்மாவுக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் போனது. மூன்றாவது தங்கியபோது அவள் ஒன்பது மாதமும் மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பதுபோல நடந்தாள். பையன் பிறந்தான். தலை நிறைய முடி. அவன் பிறந்த நாலாம் நாள், பழைய பாப்பரசர் இறந்துபோன செய்தி ரேடியோவில் வந்தது. நம் வீட்டுச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய அவருடைய படம் இருந்ததே, உனக்கு ஞாபகம் இருக்கும். ஒல்லியான முகம், கண்ணாடி. நான் அதற்குக் கறுப்புத் துணி போட்டேன். எதிர் அறை முத்துலட்சுமி அக்கா எட்டிப் பார்த்து, "உங்க பெரிய சாமி தவறிட்டாராமே, அண்ணே? அடுத்து யாரு, அவரு மகனா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பாப்பரசருக்குப் பிள்ளை கிடையாது என்றும், கர்தினால்மார் எல்லாரும் ஒரு மண்டபத்தில் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டுப் போடுவார்கள் என்றும், முடிவு ஆகாவிட்டால் கறுப்புப் புகையும் முடிவானால் வெள்ளைப் புகையும் புகைபோக்கியில் வரும் என்றும் அரைமணி நேரம் விளக்கினேன். "புகையிலயா சேதி சொல்லுவாங்க?" என்று அவர் வியந்தார். நீ என் பக்கத்தில் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். அப்போதெல்லாம் நான் பேசினால் உனக்குப் பெருமை.

அந்த விளக்கத்தின் நடுவில்தான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. புதிய பாப்பரசர் எந்தப் பெயரை எடுக்கிறாரோ அந்தப் பெயரை என் மகனுக்கு வைப்பேன். செய்தி வந்த அன்றே ஞானஸ்நானம் கொடுப்பேன். சிங்கப்பூரிலேயே அந்தப் பெயருள்ள முதல் பிள்ளை என் பிள்ளையாக இருக்கும். இதை நான் பக்தி என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடம் இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் மின்சார மீட்டர் படிக்கிறவன். முப்பது வருடமாக வீடுகளின் பின்வாசல் வழியாக நுழைந்து, சமையற்கட்டு ஓரத்தில் குனிந்து நம்பரை எழுதிக்கொண்டு வெளியே வருகிறேன். தஞ்சோங் பகாரிலிருந்து கத்தோங் வரைக்கும் என் முகம் தெரியாத நாய் கிடையாது. என் பெயர் தெரிந்த மனிதர் எவரும் கிடையாது. கோயிலில் மட்டும் நான் ஒரு ஆள். பூசைக்கு முன் தமிழில் செபம் சொல்லும் குரல் என்னுடையது. அந்தக் கோயிலில் என் மகனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெயரைச் சொல்லும்போது முழுக் கூட்டமும் திரும்பிப் பார்ப்பதை நான் மனசில் பார்த்தேன். அவ்வளவுதான். அதற்காகத்தான்.

உன் அம்மா அதை முதல் நாளே எதிர்த்தாள். "எட்டு நாளைக்குள்ள ஞானத்தண்ணி ஊத்திரணும்ங்க. ரெண்டு போயிருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் அபசகுனமாப் பேசுற?" என்று அடக்கினேன். பங்குச் சாமியாரும் கேட்டார். பிரெஞ்சுக்காரர், நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். "குழந்தையை ஏன் இன்னும் கொண்டுவரவில்லை?" என்றார். ஞானத்தகப்பனாக நிற்க என் அண்ணன் ஈப்போவிலிருந்து வரவேண்டும் என்று சொன்னேன். அண்ணனுக்கு நான் கடிதம்கூடப் போட்டிருக்கவில்லை. சாமியாரிடம் சொன்ன முதல் பொய் அது. பெயரில்லாமல் அவன் மூன்று வாரம் வளர்ந்தான். நீ அவனை "தம்பி" என்று கூப்பிட்டாய். அம்மா "ராசா" என்றாள். நான் மட்டும் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பெயர் வந்துகொண்டிருக்கிறது என்று காத்திருந்தேன்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சிராங்கூன் ரோடு முழுக்கத் துணிக்கடைக் கூட்டம். பாப்பரசர் தேர்தல் தொடங்கிய செய்தி வந்தது. ஒரு நாள் வெள்ளைப் புகை வந்துவிட்டது என்று ரோமாபுரியில் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்களாம், அப்புறம் பார்த்தால் அது கறுப்பாம். அதை ரேடியோவில் கேட்டுவிட்டு நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்ததையும், மறுபடி உட்கார்ந்ததையும் பார்த்து நீ சிரித்தாய். அன்றைக்கே பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தது. மறுநாள் உடம்பு சுட்டது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை அவன் பால் குடிக்க மறுத்தான். இரண்டு இரவு தூங்காத உன் அம்மாவுக்கும் காய்ச்சல். முத்துலட்சுமி அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் படுக்கவைத்தார். நான் அரைநாள் லீவு போட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் அவன் காலைத் தொட்டுப் பார்த்தாய். "அப்பா, ஜில்லுனு இருக்குப்பா" என்றாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பத்து வருடமாக ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். நீயும் பார்ப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். அதை ஒருமுறையாவது யாராவது வார்த்தையில் சொல்ல வேண்டும். அவன் உடம்பு விறைத்தது. கண் மேலே போனது. உதடு நீலமாகி, மூச்சு விட்டு விட்டு வந்தது. நான் அவனைத் தோளில் போட்டுத் தட்டினேன், பிறகு மடியில் போட்டேன், பிறகு எழுந்து நின்றேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ மேசையிலிருந்து தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாய். "அப்பா, தண்ணி ஊத்துங்க. சிஸ்டர் சொல்லிக்குடுத்தாங்க. சாவுற மாதிரி இருந்தா யாரு வேணாலும் ஊத்தலாம். ஊத்துங்கப்பா" என்றாய். எனக்கு அந்த மந்திரம் தெரியாதா? பிதா, சுதன் என்று தொடங்கும் அந்த ஒரே வரி என் நாக்கில் பிறந்ததிலிருந்து இருக்கிறது. நான் சொன்னது என்ன தெரியுமா? "வாய மூடு. அவனுக்கு ஒண்ணும் ஆகாது." நீ அழுதுகொண்டே, "அப்ப நான் ஊத்துறேன்" என்று டம்ளரை அவன் நெற்றிக்கு மேலே கொண்டுவந்தாய். வாயைத் திறந்து, "பிதா..." என்றாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். டம்ளர் தரையில் உருண்டது. பலகைத் தரை முழுக்கத் தண்ணீர். என் கையெல்லாம் தண்ணீர். அவன்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை.

ஏன் தட்டினேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர் பட்டால் அவன் சாகப்போகிறான் என்று ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். அந்த நேரத்திலும், உதடு நீலமான அந்த நேரத்திலும், இன்னும் ஒரு நாள் பொறுத்தால் பெயர் வந்துவிடும் என்ற நினைப்பு என் மண்டையின் ஏதோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. மனிதன் இப்படியும் இருப்பானா என்று நீ கேட்கலாம். இருந்தேன்.

உன் அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்தபோது மூச்சு நின்றிருந்தது. அவள் பிள்ளையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். ஈரமான என் கையைப் பார்த்தாள். அவள் அழவே இல்லை, முதலில் கேட்டது ஒன்றுதான். "ஊத்துனீங்களா?" ஞானஸ்நானம் இல்லாமல் போகும் பிள்ளைகளுக்கு மோட்சம் கிடையாது, வேதனையும் இல்லாமல் கடவுளின் முகமும் இல்லாமல் லிம்போ என்ற ஓரிடத்தில் என்றைக்கும் இருப்பார்கள் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் கண்ணைப் பார்த்து என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "ஊத்துனேன்" என்றேன். அப்போதுதான் அவள் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நீ சுவரோடு ஒட்டி நின்று என்னையே பார்த்தாய். பள்ளிக்கூடப் பை இன்னும் உன் முதுகில் இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் சாமியாரைப் பார்க்கக் கோயிலுக்குப் போனபோது உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். மந்திரித்த மண்ணில் புதைக்க வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றியதற்கு அவருக்குச் சாட்சி வேண்டும் என்று எனக்குத் தெரியும். படியிறங்கும்போது உன் தோளைப் பிடித்து நிறுத்தி, "அம்மாவுக்காகச் சொல்லும்மா. இல்லாட்டி அம்மா தாங்க மாட்டா" என்றேன். நீ தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சாமியார் அறையில் பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எந்தப் பெயரால் தண்ணீர் வார்த்தாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "சவேரி." அவர் எழுதினார். பிறகு உன் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாக, "நீ அதைப் பார்த்தாயா, மகளே?" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய்! "பாத்தேன், சாமி" என்றாய். அவர் உன் நெற்றியில் சிலுவை போட்டார். அவர் விரல் பட்டதும் உன் உடம்பு நடுங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

மறுநாள் காலை செய்தி வந்துவிட்டது. புதிய பாப்பரசர். நான் அவ்வளவு நாள் காத்திருந்த பெயரைப் பால்காரர் முதல் எல்லாரும் சொன்னார்கள். நம் கோயில் மணி அடித்தது, தூரத்தில் மற்றக் கோயில் மணிகளும் அடித்தன. மஞ்சளும் வெள்ளையுமான கொடியை ஆட்கள் ஏணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல உடுப்பில் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே நான் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். வழி விட்டார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, செலின். நான் ஆசைப்பட்டபடியே.

பிடாடரி இடுகாட்டில் அவனை வைத்துவிட்டு வந்தோம். "நேரா மோட்சம்தான். தேவதூதர்களோட ஒரு சம்மனசா இருப்பான்" என்று பெண்கள் உன் அம்மாவைத் தேற்றினார்கள். அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தாள், சமைத்தாள். சீக்கிரமே அவனோடு பேசவும் தொடங்கினாள். "சவேரி, அக்காவுக்கு இன்னிக்குப் பரீட்சை, பாத்துக்கடா." "சவேரி, அப்பாவுக்கு முட்டி வலி, ஆண்டவர்கிட்டச் சொல்லு." நான் அவசரத்தில் சொன்ன ஒரு பெயரை அவள் பக்கத்தில் ஒரு பிள்ளையாக உட்காரவைத்துவிட்டாள். அவள் அப்படிப் பேசும்போதெல்லாம் நீ எழுந்து பின்பக்கம் போய்விடுவாய். நான் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் போக இடமில்லை. எந்த வீட்டுப் பின்கட்டில் குனிந்து மீட்டரின் சின்னச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தாலும், உள்ளே எங்கேயோ ஒரு குழந்தை விட்டு விட்டு மூச்சு வாங்குவது கேட்கும். நம்பரைத் தப்பாக எழுதிவிட்டுத் திரும்பப் போயிருக்கிறேன். குழந்தையே இல்லாத வீடுகளிலும் கேட்டது. பட்டப்பகலில். ஒருமுறை புக்கித் தீமாவில் ஒரு சீன அம்மாவிடம் மலாயில், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்றே கேட்டுவிட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நீ முதலில் நிறுத்தினாய். பிறகு பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதை. முழு வரிசையும் எழுந்து போகும்போது நீ மட்டும் முழங்காலில் இருப்பாய். ஆட்கள் காலைத் தூக்கி உன்னைத் தாண்டிப் போவார்கள். நானோ ஒவ்வொரு ஞாயிறும் போய் நாக்கை நீட்டினேன். பாவசங்கீர்த்தனத்தில் கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சின்னச் சின்னதாகச் சொல்லிவிட்டு, இதை மட்டும் விழுங்கிக்கொண்டு வந்தேன். பொய் சொன்ன சிறுமி, தான் அழுக்கு என்று நினைத்து ஒதுங்கி நின்றாள். சொல்லவைத்தவன் பீடத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் செபம் சொன்னான். நம் இரண்டு பேரில் யாருக்கு விசுவாசம் இருந்தது என்று நீயே சொல்.

அறுபத்துமூன்றில் அந்தப் பாப்பரசரும் இறந்தார். உலகமே அழுதது. மறுபடி கர்தினால்மார் கூடினார்கள், மறுபடி புகை. உன் அம்மா இறந்தவருக்கு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, "இருந்திருந்தா எம் பிள்ளைக்கு இவரு பேருதான்" என்று மூக்கை உறிஞ்சினாள். உனக்குப் பதினாறு வயது. அம்மா சமையற்கட்டுக்குப் போனதும் நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் மெதுவாகக் கேட்டாய். "இந்தத் தடவ யாருக்குப் பேரு வெக்கப் போறீங்கப்பா?"

நான் உன்னை அறைந்தேன். அம்மா ஓடிவந்து, "ஏங்க, என்னாச்சு?" என்றாள். "மரியாதை இல்லாமப் பேசுறா" என்றேன். நீ அன்றைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அடுத்த ஞாயிறு நீ கோயிலுக்கு வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. நான் ஊருக்கு முன்னால் வருத்தப்பட்டேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் நீ முழங்காலில் இருப்பதைப் பார்க்க வேண்டாமே என்று.

இப்போது ஏன் இதெல்லாம் என்று கேட்பாய். மூன்று வாரத்துக்கு முன், பூசை முடிந்து வெளியே நின்றபோது உன்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா என்ற பெண் வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். "அங்கிள், செலின் உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டா. அவ சொல்ற ஆள் இல்ல லா" என்று தொடங்கினாள். வார்டில் குறைமாதக் குழந்தை ஒன்று. தாய் கத்தோலிக்கப் பெண், மயக்கத்தில் இருந்தாள். குழந்தை போய்க்கொண்டிருந்தது. ஸ்டெல்லா சாமியாருக்குப் போன் போட ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் நீ குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, அதன் நெற்றியில் தண்ணீரை ஊற்றி, அந்த வரியை முழுக்கச் சொல்லி முடித்திருந்தாயாம். "நீதான் இதெல்லாம் நம்பறது இல்லையே, அப்புறம் ஏன்?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "அந்தம்மா கண்ணு முழிச்சதும் கேப்பாங்க. யாரும் பொய் சொல்லக் கூடாது" என்றாயாம். பிறகு ஈரத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாயாம்.

ஸ்டெல்லா அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். என் மகள் திரும்பி வந்துவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை கொடுக்கத்தான் சொன்னாள்.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சொன்னேன். பிரெஞ்சுச் சாமியார் இப்போது இல்லை. புதியவர் நம் ஆள், வயது முப்பதுகூட இருக்காது. பூசை எல்லாம் லத்தீன் போய் இப்போது தமிழிலேயே நடக்கிறது, சாமியார் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பதிவேட்டில் சவேரி என்ற பெயரை அடித்துவிடுங்கள், அவனை அந்த மண்ணிலிருந்து எடுக்க வேண்டுமென்றாலும் எடுங்கள் என்றேன். "பிள்ளைய ஆண்டவர் பாத்துக்குவார். அவருக்கு நம்ம பதிவேடு தேவையில்ல. அவன் அங்கேயே தூங்கட்டும்" என்றார். பிறகு, "உங்களுக்கு நான் மன்னிப்புக் குடுக்கலாம். ஆனா பொய் சொல்ல வெச்சது ஒரு சின்னப் பொண்ணை. அவகிட்டக் கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "பாவப் பரிகாரம் அதுதான்" என்றார். நான் நூறு செபமாலை கொடுப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவ்வளவும் இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் சொன்னது எனக்கு ஆறுதலா என்று கேட்டால், தெரியவில்லை. அந்தச் சாமியார் சொல்வதை நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் ஐம்பது வருடம் மனப்பாடம் செய்தது ஒரு சாயங்காலத்தில் அழியாது. இன்றைக்குக் காலையிலும், வேலைக்குப் போன வீட்டில், அந்த மூச்சு கேட்டது. அது நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு தகப்பன் மகளுக்குச் சொல்ல வேண்டிய புத்தி என்று என்னிடம் இருப்பதெல்லாம் இதுதான், செலின்: நாளைக்கு உனக்கென்று பிள்ளை வரும்போது, உன் பெருமைக்காக அதை ஒரு நாள்கூடக் காக்கவைக்காதே. உன் பயத்துக்காக அதன் வாயில் ஒரு பொய்யை வைக்காதே. அந்தப் பிள்ளையை எந்தக் கோயிலுக்குக் கொண்டுபோவீர்கள் என்று நான் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். கேட்காமல் இருக்க என்னால் முடியுமா என்பது வேறு விஷயம். கேட்டுவிட்டால், இந்தக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வை.

முந்தாநாள் மத்தியானம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். முடிந்ததும், "அப்ப அவன் எங்க?" என்றாள். சாமியார் சொன்னதைச் சொன்னேன். "அவருக்கு என்ன, அவரா பெத்தாரு?" என்றாள். மீன் அப்படியே கிடந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தபோது கேட்டாள்.

"டம்ளர எடுத்துக்கிட்டு வந்தது அவளா?"

"ஆமா."

"பதினோரு வயசுல. மந்திரத்தச் சொல்ல ஆரம்பிச்சுட்டா."

"ஆமா."

"நீங்க தட்டிவிட்டுட்டீங்க."

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். "பத்து வருஷமா எம் பிள்ள இத ஒண்டியாச் சுமந்துக்கிட்டு, என் எதிர்லயே உக்காந்து சோறு தின்னுச்சா? நான் அத எத்தன ஏச்சு ஏசியிருக்கேன்" என்றாள். எம் பிள்ளை என்று அவள் சொன்னது உன்னை. சவேரியை அல்ல.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பேசுவாளா, எப்போது பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்று காலை பெட்டியைத் திறந்து தன் நீலப் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கெளம்பணும்" என்றாள். என்னையும் சேர்த்துச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் அவளுக்குப் பின்னால் நடந்து வருவேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். கேட்கிறேன். நீ கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கொடுத்தாலும் அவசரமாகக் கொடுக்காதே. சனிக்கிழமை நான் பதிவு அலுவலகத்துக்கு வெளியே நிழலில் நிற்பேன். கூப்பிட்டால் உள்ளே வருவேன். ராஜேந்திரனின் அம்மாவோ வேறு யாரோ என்னைக் காட்டி, "அது யாரு, உங்கப்பாவா?" என்று கேட்டால், எனக்காகப் பார்த்துச் சொல்லாதே. உன் மனசில் என்ன இருக்கிறதோ அதைச் சொல். அது என்னவாக இருந்தாலும் நான் அங்கேயே நிற்பேன்.

அப்பா